தொட்டி மூடியில் வைத்த கை

மகள்மாரே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வத்தளை மாமா சொல்லுகிற கதையை நம்ப வேண்டாம்.

உங்கள் அம்மாவின் அண்ணன்தான். மரியாதை கொடுக்க வேண்டிய ஆள்தான். ஆனால் பிறந்தநாளோ ஞானஸ்நானமோ, எந்த வீட்டுக்குப் போனாலும் கட்லட் தட்டு கைக்கு வந்ததும் தொடங்கிவிடுவார். "மச்சான்ட மீன் தொட்டி அரிசி கழுவின தண்ணி மாதிரிக் கிடந்தது. நான் கொண்டுபோய் ஒரு மூடி மருந்து ஊத்தினன். அடுத்த நாள் பளிங்கு!" இருக்கிறவர்கள் எல்லோரும் தலையாட்டுவார்கள். நானும் பேசாமல் அடுத்த கட்லட்டை எடுப்பேன்.

அவர் ஊற்றவில்லை. ஊற்ற நான் விடவில்லை. அந்த மருந்துப் போத்தல் இன்றைக்கும் நம் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. கதிரை போட்டு ஏறிப் பாருங்கள். மூடியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம்கூட அறுபடவில்லை.

இத்தனை நாளும் நான் வாய் திறக்காதது மாமாவுக்குப் பயந்து அல்ல. தண்ணீர் எப்படித் தெளிந்தது என்று சொல்வதென்றால், அது எப்படிக் கலங்கியது என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் செத்துப்போன இரண்டு மீன்களையும் சொல்ல வேண்டும். அது என்னுடைய பிழை. மூத்தவளே, உனக்குப் பாதி தெரியும். சின்னவளே, உனக்கு அப்போது ஆறு வயது, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாய், அவ்வளவுதான். நான் பத்தாம் வகுப்போடு நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

அந்தத் தொட்டி மேல்வீட்டார் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போனது. சாமான் எல்லாவற்றையும் கொடுத்து முடித்து, கடைசியில் இதை எடுக்க ஆள் இல்லாமல், மூத்தவளிடம் "நீ வச்சுக்கொள் மகள்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். தொட்டி, அதன் அடியில் கூழாங்கல், ஒரு ஃபில்டர், உள்ளே மூன்று கோல்ட் ஃபிஷ். இரண்டு செம்மஞ்சள், ஒன்று கறுப்பு. கறுப்பு மீனுக்குக் கண் இரண்டும் வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். பார்க்கச் சகிக்காது என்று அம்மா சொன்னாள். மூத்தவளுக்கு அதுதான் உயிர். நம் கொட்டாஞ்சேனை வீட்டின் ஹோலில் வேறு இடம் இல்லை. பிளக் இருக்கிற ஒரே மூலையில் வைத்தோம். பக்கத்தில்தான் பீட மேசை, மாதா படம், மெழுகுதிரி.

மேல்வீட்டார் இருந்தபோது அந்தத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. நம்மிடம் வந்தும் பல மாதம் தெளிவாகவே இருந்தது. அதற்குக் காரணம் என்ன என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. தெளிவாக இருக்கிற ஒன்றைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

என் வேலை உங்களுக்குத் தெரியும். கடற்கரைப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலின் லொண்டரி. அன்றைக்கே பதினான்கு வருஷம் அங்கே முடித்திருந்தேன். பெட் ஷீட், துவாய், மேசை விரிப்பு. மெஷினில் இருந்து எடுத்த ஷீட்டை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். கறை தெரிந்தால் திரும்பவும் ப்ளீச், திரும்பவும் அலசல். கறை போகும்வரை விடமாட்டோம். ஒரு கறி மஞ்சள் புள்ளி, ஒரு லிப்ஸ்டிக் கோடு, எதுவும் என் கையில் தப்பியதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. சுத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வெள்ளை.

ஒக்டோபர் வந்தது. செபமாலை மாதத்தில் நம் ஒழுங்கைத் தெருவில் மாதாவின் சிலை, அந்தச் சுரூபம், வீடு வீடாகப் போகும். ஒரு நாள் ஒரு வீடு. பின்னேரம் பக்கத்து வீட்டில் இருந்து பாடிக்கொண்டு தூக்கி வருவார்கள். சனம் கூடிச் செபமாலை சொல்லும். அடுத்த நாள் அடுத்த வீடு. அந்த வருஷம் நம் வீட்டுக்கு மாதத்தின் கடைசிப் பக்கம் முறை விழுந்திருந்தது. அம்மா மூன்று கிழமைக்கு முன்பே வீட்டைத் தலைகீழாக்கத் தொடங்கினாள். திரைச்சீலை, குஷன் உறை, ஃபேன் இறகு, கதவு நிலையில் இருந்த பழைய ஸ்டிக்கர் வரைக்கும் சுரண்டியாகிவிட்டது.

"இந்தத் தொட்டியையும் ஒருக்காப் பாருங்களன்," என்றாள். "மாதா பக்கத்தில வந்து நிக்கப்போறா. கல்லெல்லாம் பாசி."

பார்த்தேன். லொண்டரிக்காரன் கண்ணால் பார்த்தேன். அதுதான் பிழை.

வேலையில் இருந்து ஒரு ஜாம் போத்தலில் கொஞ்சம் ப்ளீச் கொண்டுவந்தேன். மீன் மூன்றையும் சருவச் சட்டியில் விட்டேன். தொட்டித் தண்ணீர் முழுவதையும் வெளியே ஊற்றினேன். கூழாங்கல்லை ப்ளீச்சில் ஊறப் போட்டேன். ஃபில்டரைக் கழற்றியபோது உள்ளே இருந்த ஸ்பொஞ்ச் மண்ணிறமாக, வழவழவென்று, சேறு மாதிரி இருந்தது. எனக்கு உடம்பு கூசியது. இதைப் போய் இவ்வளவு நாளும் தண்ணீருக்குள் வைத்திருந்தோமே என்று நினைத்தேன். அதையும் ப்ளீச்சில் போட்டுக் கசக்கினேன். எல்லாவற்றையும் ஏழு தரம் அலசினேன். ஹோட்டலில் மூன்று தரம்தான் அலசுவோம். மாதாவுக்காக ஏழு. பல்கனி வெயிலில் காயப்போட்டேன். ஸ்பொஞ்ச் கடையில் வாங்கியது போல வெள்ளையாகிவிட்டது. பிறகு பைப்பைத் திறந்து நேரே தண்ணீரை நிரப்பினேன்.

அன்று பின்னேரம் அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். "கண்ணாடி இருக்கா இல்லையா எண்டே தெரியேல்ல" என்று அவர்கள் சொன்னார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் காலையில், கண்ணாடிக்கு உள்ளே யாரோ மூச்சு விட்டது போல ஒரு மங்கல். பின்னேரம் அரிசி கழுவின தண்ணீர். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன்? ஷீட்டில் கறை நின்றால் திரும்பவும் மெஷினில் போடுவோம். முழுத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, கல்லையும் ஸ்பொஞ்சையும் திரும்பக் கழுவினேன். இந்தத் தரம் ப்ளீச் கொஞ்சம் கூட. அடுத்த நாள் விடிய ஒரு செம்மஞ்சள் மீன் பக்கவாட்டில் மிதந்தது. இரண்டு நாளில் தண்ணீர் மறுபடியும் பால். அதற்கு அடுத்த நாள் மற்றச் செம்மஞ்சள் மீனும் போய்விட்டது.

மூத்தவளே, நீ இரண்டையும் கொப்பித் தாளில் சுற்றி, படிக்கட்டில் இருக்கிற குரோட்டன் சாடியில் புதைத்தாய். நான் பக்கத்தில் நின்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

"டடா கழுவக் கழுவத்தான் சாகுது," என்றாய். "இனி என்ட மீன்ல கைய வைக்காதீங்க."

பிறகு நீ என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் அம்மாவைப் பார்த்துத்தான் பதில் சொன்னாய். உன் வயதுப் பிள்ளை கோபித்தால் ஒரு நாள் இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு நாள் போனது, மூன்று நாள் போனது. சரி, கறுப்பையாவது காப்பாற்றிக் கொடுத்தால்தான் இந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கும் என்று எனக்கு விளங்கியது. எப்படிக் காப்பாற்றுவது என்றுதான் விளங்கவில்லை. எனக்குத் தெரிந்தது கழுவ மட்டும்தான்.

இனி நானாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஹோட்டலின் பின்பக்கம் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற பெரிய சீமெந்துத் தொட்டிகள் இருக்கின்றன. குசினித் தண்ணீர், பாத்ரூம் தண்ணீர், லொண்டரித் தண்ணீர் எல்லாம் அங்கேதான் போகும். அதைப் பார்க்கிறவர் மாளிகாவத்தைப் பக்கத்து முஸ்லிம் ஆள். என் வயதுதான். நான் அவரை நானா என்பேன், அவர்கள் பேச்சில் அதுவும் அண்ணன்தான்; அவர் என்னை அண்ணன் என்பார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கிழவனாக்கிக்கொண்டு திரிந்தோம். வருஷத்தில் நாலைந்து தரம் அவர் லொண்டரி வாசலுக்கு வந்து கத்துவார். நாங்கள் ப்ளீச்சை அளவுக்கு மேல் வடிகானில் விட்டுவிட்டோம் என்று. நாங்கள் சிரிப்போம்.

அந்தக் கிழமையும் வந்தார். எங்கள் ஆள் ஒருவர் ப்ளீச் கேனை விழுத்தியிருந்தார்.

"எவன்டா ஊத்தின? ஏண்ட பூச்சியெல்லாம் மௌத்தாப் போச்சு!"

"நானா, பூச்சி செத்தா நல்லதுதானே," என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்க சிரிங்க. நாளைக்கு மனேஜர் வந்து மோந்து பாக்கக்கொள்ள ஒங்களயும் கூட்டிக்கொண்டு போறன். அண்ணே, நீங்க வாங்க. நீங்க சரி மனிசன் மாதிரி ஈக்கிற."

போனேன். போகாமல் இருந்திருந்தால் கறுப்பும் குரோட்டன் சாடிக்குப் போயிருக்கும்.

வழமையாக முன்னால் இருக்கிற தொட்டிகளில் தண்ணீர் கோப்பி நிறத்தில் கொதிக்கிறது மாதிரிக் காற்றுக் குமிழியோடு நிற்கும். அன்றைக்குக் கடைசித் தொட்டியைக் காட்டினார். அது தெளிவாக இருக்க வேண்டிய தொட்டி. பால் மாதிரி இருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அதே நிறம். என் வீட்டு ஹோலில் நிற்கிற அதே நிறம்.

"நானா, இது ஏன் இப்படி?"

அவர் ஒரு கண்ணாடிச் சாடியை எடுத்துக் காட்டினார். நல்லாக இருந்த நாளில் பிடித்து வைத்ததாம். கீழே நாலு விரல் உயரத்துக்கு மண்ணிறச் சேறு படிந்திருந்தது. மேலே தண்ணீர் பளிங்கு.

"இது சேறில்லண்ணே. இது வேல செய்ற ஆக்கள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி. ஊத்தையத் திண்டு திண்டு தண்ணியத் தெளிய வைக்கிற இதுதான். கீழ இந்த ஊத்தை இல்லாட்டி மேல அந்தத் தெளிவு இல்ல. நீங்க ப்ளீச்ச ஊத்தினா இது மௌத்து. பொறகு கண்ட கண்ட பூச்சியும் வந்து தண்ணியெல்லாம் மேயும். அதுதான் இந்தப் பால்."

எனக்கு அந்த மண்ணிற ஸ்பொஞ்ச் கண் முன்னே வந்தது. ஏழு தரம் அலசி, வெயிலில் காயப்போட்டு, வெள்ளையாக்கினேனே, அது.

"இப்ப என்ன செய்வீங்க?"

"ஒண்டும் செய்ய மாட்டன். காத்துக் குடுப்பன். சாப்பாட்டக் கொறைப்பன். பொறகு ஒங்கள மாதிரி ஆக்களக் கிட்ட வர உடமாட்டன்."

"எத்தினை நாள் எடுக்கும்?"

"அதுக்கு விருப்பமான நாள்ல தெளியும், அண்ணே. நம்மளுக்கு விருப்பமான நாள்ல இல்ல."

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். இந்தத் தொட்டியை இனி யாரும் கழுவுவதில்லை. முழுத் தண்ணீர் மாற்றுவதில்லை. நான் உட்பட.

அம்மாவுக்குக் கோபத்தில் விசர் வந்தது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். வத்தளையில் இருந்து அவளுடைய ஆட்கள் வரப்போகிறார்கள், ஒழுங்கை முழுவதும் வரப்போகிறது.

"அப்ப மாதா வாற நேரம் இந்தக் கஞ்சித் தண்ணி ஹோல்ல நிக்கப்போகுதா?"

"நிக்கட்டும்."

"சனம் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

"மீனைக் கொண்டுபோய்க் கோயில் தொட்டியில விட்டிட்டு, இதத் தூக்கிக் குடுங்களன் ஆருக்கும்."

"மாட்டன்."

மூத்தவளே, நீ கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டாய். நீயும் என் பக்கம் இல்லை. தண்ணீரை மாற்றினாலும் சாகும், மாற்றாவிட்டாலும் சாகும், டடாவுக்கு ஒன்றும் தெரியாது என்று உன் முகத்தில் எழுதியிருந்தது. வீட்டில் நாலு பேர். மூன்று பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சின்னவளே, நீ அம்மாவின் மடியில் இருந்தாய், அதனால் உன்னையும் அந்தப் பக்கம் சேர்த்துவிட்டேன்.

பைப் தண்ணீரிலும் ப்ளீச் மணம் இருக்கிறது, அதை ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும் என்று நானா சொல்லியிருந்தார். பாத்ரூமில் மூன்று வாளி பிடித்து வைத்தேன். "குளிக்க வாளி இல்ல, மீனுக்கு மூண்டு வாளி," என்று அம்மா ஒவ்வொரு நாளும் சொன்னாள். இரண்டு நாளைக்கு ஒரு தரம், நாலில் ஒரு பங்கு தண்ணீர் மட்டும் எடுத்து, வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரை மெல்ல ஊற்றினேன். சாப்பாடு ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ஒரு கிள்ளு. காற்று மோட்டார் ஒன்று வாங்கி வந்து பூட்டினேன். அது நாள் முழுவதும் உறுமியது. ஸ்பொஞ்சைத் தொடவே இல்லை.

தெளிகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு நாளும் பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த வருஷம்தான் மூத்தவளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கினோம். கண் டொக்டரின் சுவரில் எழுத்துப் பலகை தொங்கியது, மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்னது. அதே மாதிரி ஒரு தாளில் மார்க்கர் பேனாவால் எழுதி, தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில், எழுத்து உள்பக்கம் பார்க்க ஒட்டினேன். மேல் வரியில் ஒரே ஒரு பெரிய "அ". பிறகு இரண்டு எழுத்து, மூன்று எழுத்து, அப்படியே சிறுத்துக்கொண்டு போகும். ஆறாவது வரியை மட்டும் சாதாரணப் பேனாவால், மிகச் சின்னதாக எழுதினேன். அது என்ன என்று யாருக்கும் சொல்லவில்லை.

சின்னவளே, அதை வாசிக்கிற வேலை உனக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதிரையில் ஏறி, மூக்கைக் கண்ணாடியில் வைத்து, "அ!" என்று கத்துவாய். ஒரு நாள் "அ". அடுத்த நாளும் "அ". மூன்றாம் நாள், "டடா, இண்டைக்கு 'அ'வும் வடிவாத் தெரியேல்ல."

அடுத்த நாள் பின்னேரம் நான் வேலையால் வந்தபோது கறுப்பு மேலேயே நின்றது. வாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானாவின் தொட்டி வேறு, என் தொட்டி வேறு, அவர் மீனா வளர்க்கிறார் என்று நினைத்தேன். ரப்பர் குழாயை எடுத்தேன். ஒரு முனையைத் தொட்டியில் போட்டு, மறு முனையை உறிஞ்சி வாளிக்குள் விட்டேன். முழுவதையும் இறக்கிவிடுவது என்றுதான். ஒளிக்கவில்லை, அன்றைக்கு என் துணிச்சல் எல்லாம் போய்விட்டது. வாளி பாதி நிறைந்திருக்கும்.

"டடா! 'ஆ, இ'!"

சின்னவள் கதிரையில் நின்றாள். இரண்டாவது வரி.

"சும்மா சொல்லாத."

"கர்த்தராணை, 'ஆ, இ'!"

குனிந்து பார்த்தேன். மங்கலாக, ஆனால் இருந்தது. "ஆ"வின் வால்கூடத் தெரிந்தது. குழாயை வெளியே இழுத்தேன். மோட்டாரின் காற்றை முழுவதும் திறந்துவிட்டேன். அதன் பிறகு நான் தளரவில்லை, யார் என்ன சொன்னாலும்.

மாதா வரும் நாள் வந்தது. இரண்டு வரி தெரிகிற தண்ணீர்தான். மற்றவர்கள் கண்ணுக்கு அது பால்தான். காலையில் அம்மா ஒரு வெள்ளை மேசை விரிப்பைக் கொண்டுவந்தாள்.

"இதால மூடிவிடுவம். ஒரு மணித்தியாலம்தானே."

"மூட வேணாம்."

"உங்களுக்கு என்ன பிடிவாதம் இது?"

"பிழை விட்டது நான். அதையும் நானே மூடி மறைக்கிறதா?" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், விரிப்பை மடித்து அலுமாரியில் வைத்தாள்.

பின்னேரம் சுரூபம் வந்தது. தொட்டிக்குப் பக்கத்துப் பீடத்தில் வைத்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தினோம். ஹோல் நிறையச் சனம், படிக்கட்டிலும் சனம். ஒரு அன்ரி தொட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, பால்லயா மீன் வளக்கிறீங்க? சீனி போட்டாச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவின் முகம் சிவந்தது. அப்போதுதான் வத்தளை மாமா உள்ளே வந்தார், கையில் போத்தலோடு. தங்கச்சி போனில் அழுதிருக்கிறாள், அண்ணன் சும்மா வருவாரா?

"மச்சான், நாள் முழுக்க ஊரார்ட பெட் ஷீட்ட எல்லாம் வெளுக்கிறீங்க, வீட்டில ரெண்டு வாளித் தண்ணிய வெளுக்க ஏலாமப் போச்சா?"

திரும்பவும் சிரிப்பு. அது கொஞ்சம் உறைத்தது. உறைத்ததை ஏன் மறைக்க வேண்டும்?

"ஒரு மூடி மருந்து," என்று போத்தலை ஆட்டினார். "அரை மணித்தியாலத்தில கலங்கல் எல்லாம் கட்டியாகிக் கீழ போயிடும். செபம் முடியக்குள்ள கண்ணாடி. கொஞ்சம் தள்ளுங்க."

கலங்கல் கீழே போய்விடும். மீனின் செவுளுக்குள்ளும் போகும். அது ஏற்கனவே மூச்சுக்கு வாயை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே தெளிவாகக் காட்டுவதற்காக அதை இன்னொரு தரம் திணறடிக்க நான் தயாரில்லை. தொட்டி மூடியின் மேல் கையை விரித்து வைத்தேன்.

"மச்சான், கைய எடுங்க."

"எடுக்க மாட்டன்."

"பகிடி விடாதீங்க. சனம் பாத்துக்கொண்டு நிக்குது."

"பாக்கட்டும். நான் வெளுக்கிறவன்தான் மச்சான். வெளுத்து ரெண்டு மீனைக் கொண்டிட்டன். மூண்டாவதை விடமாட்டன்."

அந்த அன்ரிதான் நிலைமையைப் பார்த்து, "பிதா, சுதன்..." என்று செபத்தைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் முழங்காலில் நின்றார்கள். மாமாவும் நின்றார், தொட்டிக்குப் பக்கத்திலேயே, போத்தல் கையில். நான் கையை எடுத்தால் ஒரு நிமிஷம் போதும் அவருக்கு. அதனால் நான் முழங்காலில் நிற்கவில்லை. மூடியில் கையை ஊன்றியபடி நின்றே சொன்னேன். ஐம்பத்துமூன்று மணிச் செபம் முழுவதும் அப்படி நிற்பதாகத்தான் முடிவு. சுரூபத்துக்கு முன்னால் நான் ஒருவன் மட்டும் நிமிர்ந்து நிற்கிறேன். மாதா குறை நினைத்திருக்க மாட்டா. அவவும் பிள்ளை வளர்த்தவதானே.

செபமாலையின் இரண்டாவது பத்து மணி சொல்லி முடியும்போது தோளில் இருந்து விரல்வரை விறைத்துவிட்டது. மூடி மெல்லிய பிளாஸ்டிக், பாரம் போட்டால் உடையும், அதனால் கையைத் தூக்கியும் தூக்காமலும் வைத்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். யாரோ சட்டையை இழுத்தார்கள்.

மூத்தவளே, நீ.

"கை நோகுதா?" என்று மெதுவாகக் கேட்டாய். அத்தனை நாளுக்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி. "விடுங்க. நான் வைக்கிறன்."

என் கைக்குப் பக்கத்தில் உன் கையை வைத்தாய். பிறகு என் கையைத் தள்ளிவிட்டாய். நான் முழங்காலில் இறங்கினேன். மாமா உன்னை அண்ணாந்து பார்த்தார். மருமகளின் கையைத் தள்ளிவிட்டு மருந்து ஊற்ற அவரால் முடியவில்லை. போத்தலைப் பீட மேசையில் வைத்தார். மிச்சச் செபத்தைச் சொன்னார். சத்தமாகத்தான் சொன்னார்.

பிறகு சாப்பிட ரோல்ஸும் குடிக்க நெஸ்டமோல்ட்டும் கொடுத்தோம். சனம் போனது. மாமா போகும்போது, "போத்தல் இருக்கட்டும், வேணும் எண்டா ஊத்துங்க," என்றார். வேண்டி வரவில்லை.

அடுத்த கிழமை மூன்றாவது வரி. ஒரு மழை நாளில் நாலாவது. கறுப்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கிக் கல்லைக் கிளறத் தொடங்கியது. அதன் ஒரு கண்ணில் மட்டும் வெள்ளை படர்ந்து நின்றுவிட்டது. அது என் ப்ளீச்சின் அடையாளம், இன்றைக்கும் இருக்கிறது. ஐந்தாவது வரிக்கு நாலு நாள் எடுத்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, சின்னவள் கதிரையில் ஏறி, "டடா, கடைசி வரி சின்னன், எனக்கு வாசிக்கத் தெரியேல்ல," என்றாள். மூத்தவளே, நீ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாய்.

அதில் "பிழை என்னுடையது மகள்" என்று இருந்தது.

நீ குனிந்தபடியே இன்னொரு தரம் வாசித்தாய். பிறகு கேட்டாய்.

"இத எப்ப எழுதினது?"

"தாள் ஒட்டின அண்டைக்கு."

"அப்ப, தண்ணி தெளியும் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

நீ நிமிர்ந்தாய். குசினிக்குப் போய் எனக்கு ஒரு தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாய். சீனி கூட.

இதுதான் நடந்தது. மாமாவின் கதையில் இதில் ஒன்றும் இல்லை. இனி அவர் கட்லட் தட்டோடு தொடங்கினால், நீங்கள் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன்.

கடைசி வரி வாசித்ததற்கு அடுத்த நாள் திங்கட்கிழமை. நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள், அம்மா சந்தைக்கு. எனக்குப் பின்னேர முறை வேலை. ஃபில்டரில் தண்ணீர் மெதுவாக வந்தது. கழற்றிப் பார்த்தேன். வெள்ளை ஸ்பொஞ்ச் வெள்ளையாக இல்லை. ஓரத்தில் இருந்து மண்ணிறம் ஏறி, வழவழப்புத் தொடங்கியிருந்தது. அதைக் கொண்டு பைப்படிக்குப் போய்விட்டேன், பழக்கத்தில். ஒரு கை பைப் திருகியில் இருந்தது.

திரும்பி வந்தேன். ஒரு கோப்பையில் தொட்டித் தண்ணீரையே அள்ளி, அதற்குள் ஸ்பொஞ்சை ஒரு தரம் பிழிந்தேன். இரண்டாம் தரம் பிழிந்தேன். மூன்றாம் தரம் பிழியக் கை போனது. லொண்டரிக் கை. பிழியவில்லை. ஊத்தையோடேயே ஃபில்டருக்குள் வைத்து, மூடியைப் பூட்டினேன். கோப்பையில் இருந்த மண்ணிறத் தண்ணீரைப் படிக்கட்டுக்குக் கொண்டுபோய்க் குரோட்டன் சாடியில் ஊற்றிவிட்டு, ஷீட் வெளுக்க வேலைக்குப் போனேன்.